முதலில் உடுப்பு, அப்புறம் வண்டி

சென்ற சித்திரைப் புத்தாண்டு விழா முடிந்து அன்பர்கள் பட்டிமன்றத்தையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டு கலைந்தபோது, நான் மட்டும் மண்டபத்து வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் ஏறக்குறைய நாற்பது வருஷம் வண்டி பார்த்த கண், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வரிசையாக ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகள் கைவிரல்களுக்குள் அடங்கும். மண்டபத்துக்குள்ளும் யார் கையிலும் இருந்ததாக நினைவில்லை. தெரிந்த பையன் ஒருவனை நிறுத்திக் கேட்டேன். "எங்கே வைக்கிறது அங்கிள்? உள்ளே கொண்டுபோனா மடியிலதான் வச்சுக்கணும். வண்டியில மாட்டினா திரும்பி வரும்போது இருக்காது" என்றான். நியாயமான பதில்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது என் தம்பி மகன். பாளையங்கோட்டைப் பையன், ஹிஞ்ஜவடியில் வேலை, வாகட்டில் நண்பர்களோடு ஜாகை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். போன மார்கழியில் ஒருநாள் ரசம் சாதத்துக்கு நடுவே, "பெரியப்பா, வண்டி பாக்கப் போறேன். கூட வாரியளா?" என்று கேட்டான். என்ன வண்டி என்றேன். தார் ரோட்டிலும் போகும், மலைப் பாதையிலும் போகும் அட்வென்ச்சர் பைக் என்றான். அன்று ராத்திரியே அவன் அம்மாவிடமிருந்து போன். "அத்தான், அவன் கேட்டா வேண்டாம்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பான்."

நான் வேண்டாமென்று சொல்லவில்லை. இது அந்தத் தாய்க்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருபத்து நாலு வயசுப் பையனிடம் வண்டி வேண்டாமென்றால் அவன் என்ன செய்வான்? நண்பனுடைய வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். நண்பனுடைய தளர்ந்துபோன ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு போவான். நமக்குத் தெரியாமல் தாம்ஹிணி காட்டில் போவதைவிட, நமக்குத் தெரிந்து, நாம் பார்த்துக் கொடுத்த உடுப்பில் போகட்டும். இதுதான் என் அபிப்பிராயம். ஆகவே அவனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: முதலில் உடுப்பு வாங்கு, மிச்சப் பணத்துக்கு வண்டி பார்.

அவன் சிரித்தான். எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். வண்டிக்கு பாங்கில் கடன் வாங்கி, அதற்கு மேல் சைலன்ஸர், லைட்டு, பெட்டி என்று மாட்டி, கையில் காசெல்லாம் தீர்ந்த பிறகு, கம்பெனி கொடுக்கும் ஹெல்மெட் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். புது வண்டியோடு ஒரு ஹெல்மெட் கொடுக்க வேண்டுமென்பது விதி. அந்த ஹெல்மெட் உங்கள் மண்டைக்குப் பொருந்த வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று என் மனைவிகூடக் கேட்டாள். அவளுக்கும் பாதிதான் தெரியும். 1985-ல் கட்கியில் நானும் விருதுநகர்க்காரன் ஒருவனும் ஒரே அறையில் இருந்தோம். அவன் பெயர் இங்கே வேண்டாம். ஒரு யெஸ்டி வைத்திருந்தான். நல்ல ஓட்டி, நிதானமானவன். சாதாராப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காத்ரஜ் கணவாய் வளைவில், லாரியிலிருந்து கொட்டிய மணலில் சறுக்கி விழுந்தான். பெரிய வேகமில்லை. பின்னால் வந்தவர்கள் தூக்கி உட்கார வைத்தபோது பேசியிருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் வெளியே தெரிந்த காயம். இரண்டாம் நாள் போய்விட்டான். அவன் ஹெல்மெட் எங்கள் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரன் உள்ளே திணித்த மராத்திப் பேப்பரைக்கூட எடுத்திருக்கவில்லை. உடனே புறப்பட்டு வரவும் என்று அவன் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தவன் நான்தான்.

ரயில்வேக்காரனுக்கு மணல் என்றால் நல்ல சாமான். எஞ்சின் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவோம், பிடிமானம் வந்துவிடும். அதே மணல் தார் ரோட்டில் ரப்பர் டயருக்கு அடியில் உருளைக் குண்டு மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எஞ்சினில் மணல் பெட்டியை நிரப்பும் போதெல்லாம் எனக்கு அந்த வளைவு ஞாபகம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். டிப்ளமா படித்தவன், கணக்கில்லாமல் பேசினால் தூக்கம் வராது. வண்டியில் உட்கார்ந்திருப்பவன் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். நின்ற வண்டியிலிருந்து சும்மா சாய்ந்து விழுந்தாலே தலை தரையைத் தொடும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இது புவியீர்ப்பின் வேலை. வண்டியின் வேகம் இதற்கு மேல். வெறும் மண்டை சிமென்ட்டில் மோதினால் மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்கு வருகிற உலுக்கல் புவியீர்ப்பைப் போல ஐந்நூறு மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் இருபத்தைந்து மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே உலுக்கல் அறுபது மடங்காகக் குறைகிறது. ஹெல்மெட் என்றால் வெளியே தெரியும் ஓடு என்று நினைக்கிறோம். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் அந்த வெள்ளை நுரைதான். அது ஒரு தடவைதான் நசுங்கும். ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, மேலே கீறல்கூட இல்லாவிட்டாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும். இரண்டாம் கை ஹெல்மெட் வாங்கவே கூடாது.

உலக அளவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள், ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் விபத்தில் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அதில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்த இரண்டாவது எண்ணை வீட்டுப் பெண்மணிகள் தயவுசெய்து இன்னொரு முறை படிக்க வேண்டும்.

நானா பேட்டுக்கு இருவரும் போனோம். ஹெல்மெட் வாங்குவதில் ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது. ஆனால் முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டி நடைபாதையில் விற்கிற சாமானை நம்பக் கூடாது. நல்ல கடையில் ரசீதோடு வாங்க வேண்டும். பெரிய விலை கொடுத்தால்தான் நல்லது என்பதுமில்லை. நம் பெல்காமில் செய்வதும், ஃபரீதாபாத்தில் செய்வதும் நன்றாகவே இருக்கின்றன. பொருத்தம்தான் பிரதானம். போட்டால் கன்னம் இரண்டும் உள்ளே தள்ளி, ஜிலேபி மென்று கொண்டிருப்பவன் மாதிரி முகம் இருக்க வேண்டும். தலையை அசைத்தால் ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர வேண்டும். பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகக் கழற்றப் பார்த்தால் வரக் கூடாது. கடையிலேயே பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அது வேறு மண்டைக்குச் செய்தது. தாடை மூடிய ஹெல்மெட்டே வாங்க வேண்டும். பாதித் தலையை மூடும் கிண்ணத்தைப் பற்றி நான் பேசவே தயாரில்லை. மலைப் பாதைக்காரர்கள் விரும்புகிற, முன்னால் கூரை நீட்டிய ஹெல்மெட் வெயிலுக்கும் சேற்றுக்கும் நல்லதுதான்; பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்தக் கூரை காற்றைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும். அவனுக்குக் கூரை இல்லாததே போதுமென்று முடிவு செய்தோம். வார் மாட்டாத ஹெல்மெட், தலையில் வைத்த சொம்பு. விழும்போது முதலில் அதுதான் போகும்.

அடுத்தது ஜாக்கெட். பூனாவில் மே மாசத்தில் ஜாக்கெட்டா என்று கேட்பீர்கள். வலைத்துணி போட்ட ஜாக்கெட் கிடைக்கிறது, வண்டி ஓடும்போது காற்று உள்ளே வரும். சிக்னலில் நின்றால் வேர்க்கும், உண்மைதான். தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் தகடு இருக்க வேண்டும். பல ஜாக்கெட்டில் தோளுக்கும் முழங்கைக்கும் நல்ல தகடு வைத்துவிட்டு முதுகில் வெறும் ஸ்பாஞ்சைச் செருகி விடுகிறார்கள். அதை உருவிப் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் அதில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று இருக்கும். முதுகுத் தகட்டில் முதல் நிலை 18 கிலோநியூட்டன் வரை விசையை உள்ளே விடலாம், இரண்டாம் நிலை 9 வரைதான். முதுகுக்கு இரண்டாம் நிலையே வாங்கச் சொன்னேன்.

கையுறையை நம்மவர்கள் குளிருக்குப் போடுவது என்று நினைக்கிறார்கள். கீழே விழுகிறவன் எவனும் கையைத்தான் முதலில் ஊன்றுவான். உள்ளங்கையில் இரட்டைத் தோலும், மணிக்கட்டில் இறுக்கும் பட்டையும் வேண்டும். காலுக்குக் கணுக்கால் மூடிய பூட்ஸ். ரப்பர் செருப்போடு இரு நூறு கிலோமீட்டர் போகும் நம் பையன்களைப் பார்க்கும்போது, ஷெட்டுக்குச் செருப்போடு வந்த பயிற்சிப் பையன்களைத் திருப்பி அனுப்பிய ஞாபகம் வருகிறது. மலைப் பாதையில் வண்டி சாய்வது காலின் மேல்தான். முழங்கால் தகடு வைத்த பாண்ட் வாங்க அன்று பணம் போதவில்லை. பாண்ட்டுக்கு மேல் கட்டும் முழங்கால் கவசம் வாங்கினோம். எல்லாம் சேர்த்து, அவன் வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே ஆயிற்று.

இப்போது வண்டி. ரயில்வேயில் ஒரு செக்‌ஷனில் எந்த இடம் மிகச் செங்குத்தோ அதை வைத்தே எஞ்சினையும் சுமையையும் தீர்மானிப்போம். போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்காகக் கர்ஜத்தில் பின்னால் தள்ளும் எஞ்சின்களை மாட்டி, மேலே ஏறியதும் கழற்றி விடுவார்கள். பம்பாயிலிருந்து சென்னை வரை அந்த எஞ்சின்களை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை. பையனிடம் இதைத்தான் கேட்டேன். உன் செக்‌ஷன் எது? தினம் வாகட்டிலிருந்து ஹிஞ்ஜவடி. ஞாயிற்றுக்கிழமை சிங்ககட், முல்ஷி. மாசத்தில் ஒரு தரம் பான்ஷேத் தாண்டி வேல்ஹே பக்கத்து மண் ரோடு. பிறகு தயங்கித் தயங்கி, லடாக் என்றான். லடாக்குக்கு ஆயுசில் ஒரு தரம் போவதற்காக, தினமும் ஹிஞ்ஜவடி நெரிசலில் இரு நூறு கிலோவை உருட்டுவானேன்?

அவன் மனசில் இருந்தது நம் சென்னை பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-ல் 411 சி.சி.யில் வந்தது, 2023 கடைசியில் 452 சி.சி.யில், தண்ணீர் குளிர்ச்சியோடு, நாற்பது குதிரைச் சக்தியில் புதிதாக வந்தது. அருமையான வண்டி, குறை சொல்ல மாட்டேன். எடை 196 கிலோ. இன்னொரு நண்பன் சிபாரிசு செய்தது நம் சாகனிலேயே தயாராகும் கே.டி.எம். 390 அட்வென்ச்சர். 2020-ல் வந்தபோது அதன் ஸீட் உயரம் 855 மில்லிமீட்டர். பையன் ஐந்தடி ஆறங்குலம்; ஏறி உட்கார்ந்தால் கால் நுனிதான் தொட்டது. சமதளத்தில் பரவாயில்லை. சரிவான கல் ரோட்டில் நிற்கும்போது பள்ளத்துப் பக்கம் கால் போட்டால் தரை இன்னும் ஒரு சாண் கீழே இருக்கும். வண்டி சாயத் தொடங்கினால் பிறகு கடவுள்தான்.

கடைசியில் 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வகையைச் சிபாரிசு செய்தேன். நூற்றறுபது கிலோவுக்குள், ஹிமாலயனை விட ஏறக்குறைய நாற்பது கிலோ குறைவு. முன்சக்கரம் இருபத்தோரு அங்குலம், பெரிய சக்கரம் கல்லில் ஏறி இறங்கும், சின்னச் சக்கரம் முட்டி நிற்கும். அடிவயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. முன் மட்கார்டு சக்கரத்திலிருந்து நன்றாக உயர்த்தி வைத்திருப்பது அழகுக்காக இல்லை. சோலாப்பூர் ரோட்டுப் பக்கம் கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், சேறு சக்கரத்தோடு சுற்றி மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். நெடுஞ்சாலையில் இந்த வண்டி எண்பது, தொண்ணூறுக்கு மேல் திணறும் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். திணறட்டும், பெரியப்பாவுக்குச் சந்தோஷம். கம்பிச் சக்கரம், ட்யூப் டயர். பஞ்சரானால் ட்யூப்லெஸ் மாதிரி ஐந்து நிமிஷத்தில் ஒட்ட முடியாது. இது உண்மையான குறை. டயரைக் கழற்றி மாட்ட வீட்டு வாசலிலேயே இரண்டு முறை பழக்கினேன்.

வண்டி வாங்கும் முன் எல்லாரும் ஓட்டிப் பார்க்கிறார்கள். யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. நண்பன் ஒருவனுடைய வண்டியைப் புல்தரையில் மெதுவாகச் சாய்த்து, இவனைத் தனியாகத் தூக்கச் சொன்னேன். முன்னால் குனிந்து இழுத்தால் இடுப்பு போய்விடும். முதுகை ஸீட்டுக்குக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கை ஹாண்டில்பாரில், ஒரு கை பின்கம்பியில் பிடித்து, கால் பலத்தால் பின்னோக்கித் தள்ளி எழ வேண்டும். மூன்று தடவை தூக்கினான், நாலாவது முடியவில்லை. வெயிலில், களைப்பில், ஆளில்லாத இடத்தில் இரண்டு தடவையாவது தூக்க முடிகிற எடையே உன் எடை என்றேன்.

ஏ.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அது கட்டாயம். சரளை மண்ணில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை நிறுத்தி வைக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. தாருக்குத் திரும்பியதும் அதை மறுபடி போட்டோமா என்று பார்ப்பதை, நாங்கள் காட் இறங்கும் முன் லோனாவ்லாவில் பிரேக் சோதிப்பது மாதிரி பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காட்டில் இன்னொரு ஏற்பாடு உண்டு. இறங்கும் தடத்தில் காட்ச் சைடிங் என்று மலைமேல் ஏறும் கிளைத் தடம் போட்டிருக்கும். பாயின்ட் எப்போதும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். வண்டி நின்று, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே மெயின் லைனுக்கு வழி விடுவார்கள். பிரேக் பிடிக்காத வண்டி மேட்டில் ஏறித் தானாக நின்றுவிடும். எங்கள் டிரைவர்கள் கெட்டிக்காரர்கள், காட்ச் சைடிங் எதற்கு என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் "நான் மெதுவாத்தான் போவேன்" என்பதையே எல்லாரும் பதிலாகச் சொல்கிறார்கள்.

நம் பூனாவுக்கு இதில் ஒரு தனிப் பெருமை வேறு. 1988 சட்டத்திலேயே ஹெல்மெட் கட்டாயம். 2019 ஜனவரி முதல் தேதி முதல் இங்கே போலீசார் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, ஹெல்மெட் விரோதி க்ருதி சமிதி என்று குழுவே அமைத்து ஊர்வலம் போனார்கள். ஊருக்குள் நெரிசலில் இருபதில் போகிறவனுக்கு எதற்கு, கழுத்து வலிக்கிறது, குழிகளை முதலில் மூடு என்றார்கள். குழிகளை மூடச் சொன்னது மிகவும் சரி. இருபது வேகக் கணக்கை மேலே எழுதிவிட்டேன். வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. இதே ஊரில் கோத்ரூட் மலைமேல் 1966 முதல் இருக்கிறது. அதன் அடிவாரத்திலேயே வெறுந்தலையோடு பறக்கிறார்கள். நாம் வந்தேறிகள், இந்த ஊரின் எத்தனையோ நல்ல பழக்கங்களை எடுத்துக்கொண்டோம். இந்த ஒன்றை விட்டுவிடலாம்.

பாதை விஷயமாகவும் பையனிடம் கொஞ்சம் கறாராக இருந்தேன். கோட்டைக்கு ஏறும் நடைபாதையிலும், மலைமேல் புல்வெளியிலும் டயர் படக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் பூக்கிற செடிமேல் சக்கரம் ஓடினால் அடுத்த வருஷம் அங்கே ஓடைதான் இருக்கும். ஊர்க்காரர்கள் மாட்டு வண்டி ஓட்டும் மண் ரோடு நமக்குப் போதும்.

ஆடியில் விழுந்தான். வேல்ஹே தாண்டி, இருபதுக்குள் வேகம், ஈரச் செம்மண். போன் எனக்கு வந்தது, அவன் அம்மாவுக்கு அல்ல. வலது கையுறையின் உள்ளங்கைத் தோல் கிழிந்து தொங்கியது, கையில் ஒன்றுமில்லை. ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் கல் பட்டு ஆழமாகக் கீறியிருந்தது. அதை உடனே மாற்றச் சொன்னேன். பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அம்மாவிடம் நானே சொன்னேன், முழுவதும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கையுறை என்ன விலை அத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னால் உட்காரும் பெண்மணிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகி உட்காருங்கள். பின்சக்கரத்துப் புடவைக் கவசத்தை அழகு கெடுகிறதென்று கழற்றிப் போடும் பையன்களின் காதைத் திருகுங்கள். மல்லிகைப் பூ நசுங்குமே என்று என் வீட்டிலேயே வாதம் நடந்தது. பூவைப் பையில் கொண்டுவந்து மண்டபத்தில் வைத்துக்கொள்வதாக ராஜி ஏற்பட்டிருக்கிறது.

இப்போது சங்கத்துக்கு என் வேண்டுகோள். வரும் தீபாவளி விழாவில் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு மேசை போட வேண்டும். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கலாம், திரும்பும்போது டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மேசைக்கும் டோக்கனுக்கும் செயலாளர் ஏற்பாடு செய்தால், மாலை நாலு மணி முதல் கடைசி ஆள் போகும் வரை நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். பையனுடைய அந்தக் கீறல் விழுந்த ஹெல்மெட்டையும் மேசைமேல் வைத்திருப்பேன். கையில் எடுத்துப் பார்க்கலாம். பட்டிமன்றம் எனக்கு ஒலிபெருக்கியில் கேட்டால் போதும். சாப்பாட்டை மட்டும் யாராவது கொண்டுவந்து தர வேண்டும்.